அழகிப் பட்டம் வாங்கினா சினிமா தானா வருமா? த்ரிஷா போன வழியும் வேலூர்ப் பக்கத்துக் கணக்கும்

ஜூலை 5, 2025, இரவு 9.10
குடியாத்தம்

என் சித்தப்பா பொண்ணுக்கு 19 வயசு. ஆரணியில ஒரு பட்டுக்கடைக்கு கேட்லாக் போட்டோ குடுத்திருக்கா. வேலூர்ல ஒரு நகைக்கடை பேனர்லயும் அவ முகம்தான். "த்ரிஷா மிஸ் சென்னை ஜெயிச்சாங்க, சினிமா தேடி வந்துச்சு, நீயும் அடுத்த வருஷம் போட்டியில நில்லு"ன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. அது அப்படித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூலை 5, இரவு 10.25
காட்பாடி

தேடி வந்ததுன்னு சொல்றவங்க நடுவுல இருக்கிற மூணு வருஷத்தை விட்டுடறாங்க. வரிசையா பாருங்க.

1999: மிஸ் சேலம், அதே வருஷம் மிஸ் சென்னை. வயசு 16. அந்த வருஷமே 'ஜோடி' படத்துல சிம்ரனோட தோழியா தலை காட்டினாங்க. பெயர் போடாத வேஷம். 2000: ஃபால்குனி பாடக்கோட இந்திப் பாட்டு வீடியோ. 2001: மிஸ் இந்தியா போட்டி. அங்க கிரீடம் கிடைக்கல, அழகான புன்னகைக்கான பரிசுதான் கிடைச்சது. இதுக்கு நடுவுல விளம்பரப் படங்கள், எத்திராஜ் கல்லூரியில பி.பி.ஏ. நாயகியா முதல்ல ஒப்பந்தமான படம் பிரியதர்ஷனோட 'லேசா லேசா'. அது தள்ளிப்போய் 2003லதான் வந்தது. பின்னால எடுத்த 'மௌனம் பேசியதே' 2002லயே முந்திக்கிச்சு. 'சாமி' 2003, 'கில்லி' 2004.

பட்டம் வாங்கினதிலிருந்து பேர் சொல்ற முதல் படம் வரைக்கும் மூணு வருஷம். அந்த மூணு வருஷமும் கேமரா முன்னாடி நின்ன மூணு வருஷம். போட்டியில நிக்கறது தப்பில்ல. ஆனா அதுக்குப் பிறகு என்ன செய்யறதுன்னு திட்டம் இல்லாம நின்னா, பேப்பர்ல ஒரு நாள் போட்டோ வரும், அவ்வளவுதான்.

ஜூலை 6, காலை 7.40
ஆரணி

கேட்லாக் வேலையைச் சாதாரணமா நினைக்காதீங்க. நாள் முழுக்க நடக்கற வேலை அது, ஒழுங்கு பழகறதுக்கு அதைவிட நல்ல இடம் இல்ல.

கடைக்காரர் குடுக்கறது விக்கப்போற சரக்கு. அதனால ஜரிகையில பின் குத்தக் கூடாது, ஓட்டை விழுந்தா அந்தப் புடவை தள்ளுபடிக்குப் போயிடும். தோள்ல உள்மடிப்புல ஒரே ஒரு பின், மத்ததெல்லாம் பின்னாடி கிளிப். சாட்டின் பாவாடை கட்டினா பட்டு வழுக்கும், கொசுவம் நிக்காது. காட்டன் பாவாடைதான் பிடிச்சு நிறுத்தும். மேக்கப் போடும்போது கழுத்தைச் சுத்தி துண்டு. புடவை கட்டின பிறகு சென்ட் அடிக்கவே கூடாது, பட்டுல பட்டா கறை. வெளிர் நிறப் புடவையெல்லாம் காலையிலயே முடிச்சிடணும். மதியத்துக்கு மேல கழுத்துல வேர்வையும் ஃபவுண்டேஷனும் கலந்து ஓரத்துல ஏறும். சித்திரை வைகாசியில வேலூர்ப் பக்கம் எடுத்தா சொல்லவே வேணாம்.

ஒரு புடவைக்கு மூணு நிலை: முழு உருவம் நேரா, முந்தியைக் கையில விரிச்சு ஒண்ணு, கரை தெரியற மாதிரி கிட்டத்துல ஒண்ணு. ஜரிகை மேல நேர் வெளிச்சம் விழுந்தா வெள்ளையா வெடிச்சிடும். அதனால விளக்கு பக்கவாட்டுல இருக்கும். அதுக்கேத்த மாதிரி தோளைத் திருப்பத் தெரிஞ்ச பொண்ணைத்தான் கடைக்காரர் மறுபடி கூப்பிடுவார். இது தெரிஞ்ச பொண்ணுக்கு விளக்கு எங்க இருக்குன்னு கண்ணை மூடினாலும் தெரியும்.

ஜூலை 6, காலை 11.15
காட்பாடி

ஆரணி சொன்னது அத்தனையும் சரி, அதுல கடைசி வரி ரொம்ப முக்கியம். அதோட மறுபக்கத்தையும் சொல்லணும். கேட்லாக்ல நல்லா வந்த பழக்கமே நடிப்புல குறுக்க நிக்கும்.

ஒண்ணு, லென்ஸைப் பார்க்கறது. போட்டோவுல அதுதான் வேலை. சினிமாவுல எதிர்ல பேசறவரோட கண், அவர் ஃப்ரேமுக்கு வெளியில நின்னா லென்ஸுக்கு ஒட்டின ஒரு இடம். கண் ஒரு விரக்கடை லென்ஸுப் பக்கம் நழுவினாலும் டேக் போச்சு.

ரெண்டு, முகபாவத்தை உச்சத்துல நிறுத்தி வெக்கறது. ஸ்டில் கேமராவுக்கு அந்த ஒரு நொடி போதும். படத்துல அந்த நொடிக்கு முன்னாடி நடக்கறதுதான் காட்சி. எதிராளி வசனம் பேசும்போது கேக்கத் தெரியணும். புதுசா வர்ற மாடல்கள்ல பாதிப்பேர் அடுத்தவர் பேசி முடிக்கறதுக்காகக் காத்திருக்கறது திரையில அப்படியே தெரியும்.

மூணு, தொடர்ச்சி. "அம்மா"ன்னு சொல்லும்போது டம்ளரை எடுத்தா, அகலமான ஷாட்டுல, தோளுக்கு மேல எடுக்கற ஷாட்டுல, குளோசப்புல, எல்லாத்துலயும் அதே சொல்லுல எடுக்கணும். இல்லன்னா எடிட்டர் அந்த இடத்துல வெட்டவே முடியாது, நல்ல டேக் வீணாப்போகும்.

நாலாவது, தரையில ஒட்டின டேப் குறி. குனிஞ்சு பார்க்காம அதுல வந்து நிக்கணும். ஃபோகஸ் இழுக்கறவர் அந்த இடத்தை நம்பித்தான் இருக்கார். வீட்ல பழக வழி இருக்கு: குறியிலிருந்து பின்பக்கமா அடி எண்ணிட்டு வந்து, அங்கிருந்து இயல்பா நடந்து பாருங்க.

ஜூலை 6, மாலை 6.05
ஆம்பூர்

நடிப்பு, குரல் எல்லாம் அப்புறம். முகம் இருந்தா போதும், குரலை வேற யாராவது குடுத்துடுவாங்க. த்ரிஷாவுக்கே அப்படித்தானே?

ஜூலை 6, இரவு 9.50
காட்பாடி

இதுக்கு நீளமா பதில் சொல்லித்தான் ஆகணும்.

2010 பிப்ரவரி 26. கௌதம் மேனன் ஒரே கதையை தமிழ்ல 'விண்ணைத்தாண்டி வருவாயா', தெலுங்குல 'ஏ மாய சேசாவே'ன்னு எடுத்து ஒரே நாள்ல வெளியிட்டார். தமிழ்ல த்ரிஷா, தெலுங்குல சமந்தா. ரெண்டு பேருமே சென்னைப் பொண்ணுங்க, ரெண்டு பேருமே மாடலிங்லேருந்து வந்தவங்க. ரெண்டு படத்துலயும் நாயகியோட குரல் பாடகி சின்மயி. முகம் ரெண்டு, குரல் ஒண்ணு. 2018ல '96' படத்துல த்ரிஷா நடிச்ச ஜானுவுக்கும் அதே குரல். 'பொன்னியின் செல்வ'னில் த்ரிஷா நடிச்ச குந்தவைக்குப் பேசினது கிருத்திகா நெல்சன்.

ஆக ஆம்பூர்க்காரர் சொல்ற மாதிரி நடக்குது. ஆனா அதே 2010 டிசம்பர்ல வந்த 'மன்மதன் அம்பு'ல த்ரிஷா சொந்தக் குரல்லதான் பேசினாங்க. நாயகியாகிக் கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஆன பிறகு. சமந்தா 2018ல 'மகாநடி'க்குத் தெலுங்குல தானே பேசினாங்க. பெரிய இடத்துக்குப் போன பிறகும் குரலுக்காக உழைச்சிருக்காங்க, ஏன்னா குரல் கைவிட்டா நடிப்புல பாதி அடுத்தவர் கையில. டப்பிங் கலைஞர்கள் செய்யறது பெரிய கலை, அதைக் குறைச்சுச் சொல்லல. ஆனா நாயகிக்கு டப்பிங் குரல் தேடித் தருவாங்க. ஒரு காட்சி, ரெண்டு காட்சி வர்ற புதுமுகத்துக்கு யாரும் செலவு பண்ண மாட்டாங்க. ஆடிஷன்ல பேசத் தெரிஞ்ச பொண்ணையே எடுத்துடுவாங்க. வெப் தொடர்கள்லயும் ஸ்பாட்லயே ஒலியைப் பதிவு பண்ற வேலை கூடிட்டே வருது. அங்க பின்னால ஒட்டவே வழியில்ல.

தமிழ் பேசத் தெரிஞ்ச குடியாத்தம் பொண்ணுக்கு இது கையில இருக்கிற சொத்து. வெளி மாநிலத்துலேருந்து வர்ற மாடலுக்கு இல்லாதது. அதைத்தான் முதல்ல தீட்டணும்.

ஜூலை 7, காலை 6.30
காட்பாடி

குரல் பயிற்சியை எப்படிச் செய்யறதுன்னு தனிச்செய்தியில கேட்டிருந்தாங்க, பொதுவுலயே போடறேன்.

தினம் பத்து நிமிஷம் நாளிதழ்ல ஒரு பத்தியைச் சத்தமா வாசிச்சு மொபைல்ல பதிவு பண்ணுங்க. ஹெட்போன்ல கேளுங்க, ஸ்பீக்கர்ல கேட்டா குறை தெரியாது. நம்ம பக்கத்துல வழுக்கற இடம் ல, ள, ழ. அதுக்கப்புறம் வாக்கியத்தோட கடைசிச் சொல்லை முழுங்கறது. அடுத்த படியா, தெரிஞ்ச ஒரு படக்காட்சியை ஒலியில்லாம ஓட்டி அதே வசனத்தைப் பேசிப் பாருங்க. ப, ம வர்ற இடத்துல உதடு மூடும். அந்த மூடல் பொருந்தினா மத்த எழுத்து கொஞ்சம் முன்னபின்ன போனாலும் கண் மன்னிச்சிடும். அந்த மூடல் தப்பினா ஒட்டவைச்ச குரல்னு உடனே காட்டிக் குடுத்துடும்.

டப்பிங் தியேட்டர்ல மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, கொஞ்சம் பக்கவாட்டா. நேரா நின்னா ப-வுல காத்து அடிச்சு டம்முன்னு கேக்கும். வளையல், கொலுசு, சரசரக்கற துணி வேண்டாம். வெறும் வயித்தோட போகாதீங்க, வயிறு கத்தறது கூடப் பதிவாகும். காகிதம் புரட்டற சத்தம் விழும், அதனால வசனத்தைத் தனித்தனித் தாள்ல பெரிய எழுத்துல எழுதி ஸ்டாண்டுல பரப்பி வெச்சுக்கணும்.

வேலூர்ப் பேச்சை மறைக்க வேணாம். "வந்துகினு கீறேன்" தெரிஞ்ச பொண்ணுக்கு அந்த வாடை வேணும்கிற வேஷம் கிடைக்கும். ரெண்டு விதமாவும் பேசத் தெரியணும், அதுதான் கணக்கு.

ஜூலை 7, பகல் 1.20
குடியாத்தம்

இவ்வளவு இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. நன்றிண்ணே. போட்டோ ஆல்பம் போட ஒரு இடத்துல பெரிய தொகை கேக்கறாங்க. கூடவே "ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம்"னு தனியா. குடுக்கலாமா?

ஜூலை 7, பகல் 1.45
காட்பாடி

பதிவுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குடுக்காதீங்க. ஆளைத் தேடறது தயாரிப்பாளரோட செலவு. காசு கேட்டா அது ஆடிஷனே இல்ல. "அடையாள அட்டை எடுத்துத் தர்றோம்", "ஆள் புடிச்சு சங்கத்துல உறுப்பினர் ஆக்கறோம்"னு சொல்றதும் இதே ரகம்.

ஆல்பத்துக்கும் அவ்வளவு வேண்டியதில்ல. வேண்டியது ஆறு படம்: மேக்கப் இல்லாத முகம் நேரா, அதே முகம் சிரிச்சு, பக்கவாட்டுத் தோற்றம், முழு உருவம் ஒட்டின உடையில, புடவையில ஒண்ணு, சுடிதார் இல்லன்னா ஜீன்ஸ்ல ஒண்ணு. ஜன்னல் வெளிச்சத்துல நல்ல போட்டோகிராஃபர் அரை நாள்ல முடிச்சிடுவார். தோலை வழவழப்பாக்கி, தாடையை ஒல்லியாக்கித் தரேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நேர்ல வேற முகம் வந்து நின்னா அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க. முடியை வெட்டினா, எடை ஏறி இறங்கினா படத்தை மாத்தணும்.

கம்ப் கார்டுனு ஒண்ணு இருக்கு: அரைத்தாள் அளவு, முன்பக்கம் முகம், பின்பக்கம் மூணு நாலு படம், உயரம், உடை அளவு, செருப்பு அளவு, பேசற மொழிகள், தொடர்பு எண். வீட்டு முகவரி போடக் கூடாது.

கோட்டையில வெச்சு எடுக்கலாம்னு பலர் கிளம்பறாங்க. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. லைட், ஸ்டாண்டு, ரிஃப்ளெக்டரோட போனா அனுமதிக் கடிதம் கேப்பாங்க. முன்கூட்டி விண்ணப்பிக்காம போய் நின்னா அன்னிக்கு வேலை கெட்டது. ஆறு படத்துக்கு அகழி எதுக்கு, வெள்ளைச் சுவர் போதும்.

ஜூலை 7, இரவு 8.30
காட்பாடி

மேல விட்டது: செல்ஃப் டேப், அதாவது வீட்லயே நடிச்சு எடுத்து அனுப்பற ஆடிஷன் வீடியோ. இப்பல்லாம் முதல் சுற்று அதுலதான். மொபைலைப் படுக்கவாட்டுல, கண் மட்டத்துல நிறுத்துங்க. வெளிச்சம் முகத்துக்கு எதிர்ல, முதுகுக்குப் பின்னாடி இல்ல. மின்விசிறியை அணைங்க. முதல்ல பேர், வயசு, உயரம், ஊர், இடது வலதா மெதுவா ஒரு திருப்பம், அப்புறம் காட்சி. எதிர் வசனத்தை வாசிக்கறவர் கேமராவை ஒட்டி நிக்கணும், அவர் குரல் தணிஞ்சு இருக்கணும். ஃபைலுக்குப் பேர், ஊர், வேஷம்னு தெளிவா தலைப்பு வையுங்க. வாட்ஸப்ல வீடியோவா அனுப்பினா தரம் சுருங்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

ஜூலை 8, காலை 10.00
ராணிப்பேட்டை

கணக்கு வழக்குப் பக்கத்தை யாரும் தொடவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

நடிப்பு, விளம்பரத் தொழில்களுக்கான கட்டணத்தில் வருமான வரிச் சட்டப்படி 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் கொடுப்பது 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இது. 2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 30,000. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டாத தனிநபர் கடைக்குப் பிடிக்கும் கடமை இல்லை. பிடித்ததாகச் சொன்னால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் வரிக்கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் பிடித்த பணம் அரசுக்குப் போகாமலோ உங்கள் பான் எண்ணில் பதியாமலோ இருக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அந்த 10 சதவீதத்தைத் திரும்பப் பெறலாம். "சின்னத் தொகைதானே" என்று விட்டுவிடும் பெண்களே அதிகம். விடாதீர்கள்.

நகைக்கடை பேனர் பற்றி ஒரு கேள்வி: எத்தனை மாதத்துக்கு, எந்த ஊர்களில், எந்த ஊடகத்தில் என்று எழுதி வாங்கினீர்களா?

ஜூலை 8, காலை 10.40
குடியாத்தம்

எதுவும் எழுதலிங்க சார். வாய்ப்பேச்சுதான். பேனர் இன்னும் நிக்குது.

ஜூலை 8, பகல் 12.15
ராணிப்பேட்டை

இனி ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வரி போதும். காலம்: ஆறு மாதமா, ஒரு வருடமா. இடம்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் மட்டுமா, தமிழ்நாடு முழுவதுமா. ஊடகம்: பேனர், நாளிதழ், கேபிள் டிவி, இணையம். நீட்டித்தால் மறுபடி கட்டணம். நகைக்கடை, பட்டுக்கடை வேலைகளில் "போட்டிக் கடைக்கு நடிக்கக் கூடாது" என்று கேட்பார்கள். நியாயம்தான், ஆனால் அதற்கும் கால வரம்பு வேண்டும், அதற்கென்று தனித்தொகை வேண்டும். 18 வயது நிறையாதவரின் கையெழுத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; பெற்றோர் கையெழுத்திட வேண்டும். உங்கள் தங்கைக்கு 19 என்பதால் அவரே படித்துக் கையெழுத்திட வேண்டும். படிப்பதையும் அவரே செய்யட்டும்.

ஜூலை 8, இரவு 9.35
போளூர்

குந்தவைன்னு பேச்சு வந்ததால ஒண்ணு. நம்ம பழைய வடஆற்காட்டுல, போளூருக்குப் பக்கத்துத் திருமலையில குந்தவை ஜினாலயம் இருக்கு. ராஜராஜனோட அக்கா பேர்ல இருக்கிற சமணக் கோயில். ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுலயே அந்தப் பேர் வருது. மலையில நேமிநாதர் பெரிய சிலை. 2022 செப்டம்பர் 30 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்போ தஞ்சாவூருக்குப் போனவங்க இங்க வரல.

ஜூலை 8, இரவு 10.10
காட்பாடி

நல்ல நேரத்துல சொன்னீங்க. குந்தவை வேஷம் த்ரிஷாவுக்கு வந்தப்போ அவங்க நாயகியாகி இருபது வருஷம். 'கில்லி'க்குக் கொஞ்சம் முன்னாடி தெலுங்குல 'வர்ஷம்', அப்புறம் 'நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா', 'ஆடவாரி மாட்டலக்கு அர்த்தாலே வேருலே', மூணுக்கும் ஃபிலிம்ஃபேர் விருது. 2010ல இந்தியில 'கட்டா மீட்டா', 2018ல மலையாளத்துல 'ஹே ஜூட்'. நடுவுல தனியா தோள்ல தூக்கின சில படங்கள் ஓடல. '96' வந்து ஃபிலிம்ஃபேர் தமிழ் விருது வாங்கித் தந்தது. பிறகு குந்தவை, 'லியோ', 2024ல 'பிருந்தா'ன்னு தெலுங்கு வெப் தொடர், 2025ல 'குட் பேட் அக்லி', 'தக் லைஃப்'.

மாடலிங்லேருந்து வந்தவங்களுக்கு வழக்கமா ரெண்டு மூணு வருஷத்துல அடுத்த முகம் வந்துடும். இவங்க நின்னதுக்கு எனக்குத் தெரியற காரணம், ஒரே சந்தையை நம்பாம தமிழையும் தெலுங்கையும் மாத்தி மாத்திப் பிடிச்சது. இன்னொண்ணு, வயசுக்கேத்த வேஷத்தை ஒத்துக்கிட்டது. ஜானு பள்ளிக்கூடத் தோழனைப் பல வருஷம் கழிச்சுப் பார்க்கற குடும்பப் பெண். அதை ஒத்துக்கறதுக்குத் துணிச்சல் வேணும்.

ஜூலை 9, காலை 8.20
ஆரணி

அதுசரி, அந்தப் பொண்ணு நடிப்பு எங்க கத்துக்கறது? எல்லாத்துக்கும் சென்னைதானா?

ஜூலை 9, காலை 9.00
காட்பாடி

சென்னை போகணும்தான், ஆனா குடியேற வேண்டியதில்ல. ஆடிஷன் நாளுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையில காட்பாடியிலேருந்து கூட்டிட்டுப் போய் சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விடும். கூடவே வீட்லேருந்து ஒருத்தர் போறது நல்லது. ஓட்டல் அறையில ஆடிஷன்னா போகவே வேணாம். அலுவலகம், பகல் நேரம், படக் கம்பெனி பேர் போட்ட கடிதம், இந்த மூணும் இருக்கணும்.

பயிற்சிக்கு நம்ம பக்கத்துலயே கண் திருப்புங்க. செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். சென்னையில ந. முத்துசாமி 1977ல தொடங்கின கூத்துப்பட்டறைக்கே புரிசைக் கூத்துதான் பெரிய உந்துதல். விஜய் சேதுபதி அங்க கணக்காளரா இருந்தவர். கூத்துல மைக் இல்லாம விடிய விடிய பேசற மூச்சு, கனத்த உடையோட கால் பிடிக்கற தாளம் எல்லாம் கத்துக்கலாம். ஆனா அந்த அளவு குரலைக் குளோசப்புல வெச்சா திரை தாங்காது. அதனால கூத்துல மூச்சைக் கத்துக்கிட்டு, அளவைக் குறைக்கறதைக் கேமரா முன்னாடி பழகணும்.

ஜூலை 9, இரவு 7.50
ராணிப்பேட்டை

பாதுகாப்பு பற்றி இரண்டு வரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். கூலி வாங்காமல் பயிற்சி பெறுபவரும் அதில் அடக்கம். உள்குழு இல்லாத சிறிய இடமென்றால் மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. விவரம் சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்தில் கேட்கலாம். புகாருக்குக் காலக்கெடு மூன்று மாதம். செய்தி, அழைப்பு எதையும் அழிக்காதீர்கள்.

ஜூலை 10, காலை 11.30
குடியாத்தம்

ஒரு சின்னப் படத்துல ரெண்டு காட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அக்ரிமென்ட் அனுப்பியிருக்காங்க, இங்கிலீஷ்ல நாலு பக்கம். அவளே உக்காந்து படிச்சுட்டு இருக்கா. எதைக் கவனிக்கணும்ண்ணே?

ஜூலை 10, பகல் 12.50
காட்பாடி

நாலு இடம். எத்தனை கால்ஷீட், ஒரு கால்ஷீட் எத்தனை மணி நேரம், தாண்டினா என்ன தொகை. டப்பிங் அவளே பேசறாளா. பேசறதுன்னா அதுக்குத் தனித்தொகையா, சம்பளத்துல அடக்கமா. விளம்பர நிகழ்ச்சிக்கு எத்தனை நாள், பயணச் செலவு யாரோடது. உடை குறைவான காட்சி, நெருக்கமான காட்சி எதுவா இருந்தாலும் முன்கூட்டிக் கதைத்தாள்ல இருந்தது மட்டும்தான், ஸ்பாட்டுல புதுசா சேர்த்தா எழுத்துல சம்மதம் வேணும்னு ஒரு வரி.

பணத்தை முன்பணம், படப்பிடிப்பு முடிவு, டப்பிங்னு மூணாப் பிரிப்பாங்க. கடைசித் தவணையை "படம் வெளியாகும்போது"ன்னு போட்டிருந்தா ஒத்துக்காதீங்க. வெளியாகாத படம் நம்ம ஊர்ல நிறைய. "டப்பிங் முடிஞ்ச அன்னிக்கு"ன்னு மாத்தச் சொல்லுங்க. மாத்தின வரிக்குப் பக்கத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். ஒரு பிரதி அவ கையில இருந்த பிறகுதான் தேதி குடுக்கணும்.

ஜூலை 10, மாலை 5.15
குடியாத்தம்

கடைசித் தவணை "வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்"னுதான் போட்டிருக்கு. மாத்தச் சொல்லி அவளே மெயில் போட்டுட்டா.